வெளியே கொண்டுபோகக் கூடாத பாட்டுகள்

ஆவாரங்குளத்துப் பாட்டுகளெல்லாம் டவுன் நூலகத்துக்குள்ளே போய்க் குடியேறிய அந்த வருஷம் மழை நல்ல மழைதான், பருத்தியும் நல்ல பருத்திதான், மிளகாயும் காடு சிவக்கச் சிவக்கக் காய்த்தது, குறை என்று சொல்ல வேறொன்றும் இல்லை. ஊருக்குள் பாட்டு மட்டும்தான் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் ஊரில் யாரும் பேயைச் சொல்ல மாட்டார்கள், பில்லி சூனியத்தைச் சொல்ல மாட்டார்கள், நூலகர் அமிர்தவல்லி முத்திரை குத்திவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். குடும்ப அட்டையில் பேர் நீக்கிவிட்டார்கள் என்று சொல்கிற அதே குரலில்.

அமிர்தவல்லிக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. ஆவாரங்குளத்துப் பிள்ளைதான். வீட்டில் இரண்டு பெண்கள், ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்று ஆனபோது மூத்தவள் சீனியம்மா இரண்டாம் வகுப்போடு சிலேட்டைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டுக் களை பிடுங்கப் போனாள். அந்தக் களைக்கூலியில் இளையவள் படித்து, கல்லூரி முடித்து, நூலகப் படிப்பும் படித்து, டவுனில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கல்யாணம் காட்சி என்று அவளுக்கு ஒன்றும் அமையவில்லை. அமையவில்லையே என்று அவள் தேடிப்போகவும் இல்லை. நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வெள்ளிக்கிழமையானால் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போவாள், அக்கா காட்டில் இருந்தால் காட்டுக்கே போய், அக்கா நிரைபிடித்துக் களை வெட்டிக்கொண்டு முன்னே போகப் போக இவள் நோட்டும் பேனாவுமாகப் பின்னே போய், அக்கா பாடுகிற பாட்டையெல்லாம் எழுதிக்கொள்வாள். பதினோரு வருஷ வெள்ளிக்கிழமைகள். நாலு கெட்டி அட்டை நோட்டு, நூற்றி இருபத்தெட்டுப் பாட்டு. தாலாட்டு, களையெடுப்பு, கும்மி, முளைப்பாரி, கல்யாண நலுங்கு, ஒப்பாரி என்று ஓர் ஊர் பிறந்ததிலிருந்து சாகிற வரைக்கும் என்னவெல்லாம் பாடுமோ அத்தனையும் அதில் இருந்தது. யாருக்கும் காட்டாமல் பீரோவுக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

அது அப்படியே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஸ்டெல்லா என்று ஒரு பெண், கல்லூரியில் ஒப்பாரிப் பாடல்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டவள், ஒரு நாள் மத்தியானம் வியர்த்து விறுவிறுத்து வந்து, "மேடம், நாட்டார் வழக்காற்றியலுக்குக் குறிப்புதவி நூல் என்னென்ன இருக்கு?" என்று கேட்டாள். அமிர்தவல்லி அவளைக் குறிப்புதவிப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். பிரிவு என்றால் ஏதோ மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம், ஜன்னலோரம் ஒரு கண்ணாடி அலமாரி, அவ்வளவுதான். அதில் ஓர் அகராதி, மூன்றாம் தொகுதி காணாமல் போன கலைக்களஞ்சியம் ஒன்று, மாவட்ட விவரச்சுவடி, கோயில் வரலாறுகள், பழைய தொலைபேசிப் புத்தகம். நாட்டுப்பாட்டு என்று பதிவேட்டில் இரண்டு புத்தகம் இருந்தது. ஒன்றை எடுத்துப் போனவர் செத்துப்போய்விட்டார், இன்னொன்றை எடுத்துப் போனவர் திருப்பூருக்குப் போய்விட்டார். ஸ்டெல்லா நல்ல பெண்தான், முகம் சுளிக்கவில்லை, தன் குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டாள். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றபடி தலைகீழாகவே அமிர்தவல்லி அதைப் படித்துவிட்டாள்: 'இந்நூலகத்தில் ஆதாரம் ஏதுமில்லை.'

அந்த வரி அவளைக் குத்திவிட்டது. நூற்றி இருபத்தெட்டுப் பாட்டைச் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆதாரம் இல்லை என்று எழுதவிட்டோமே என்று ராத்திரி முழுக்கப் புரண்டாள். மறுநாள் நாலு நோட்டையும் கொண்டுவந்து பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, பைண்டு செய்து, முத்திரையை எடுத்தாள். நூலக வழக்கப்படி முகப்பில் ஒன்று, நூலகருக்கு மட்டும் தெரிந்த உள்பக்கம் ஒன்றில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று என்று மூன்று முத்திரை போதும். ஆனால் அமிர்தவல்லி வாசகர்களை அறிந்தவள். பிளேடு வைத்துப் பக்கத்தை அறுத்துக்கொண்டு போகிற கைகளை முப்பது வருஷமாகப் பார்த்தவள். அதனால் பாட்டுக்கு ஒரு முத்திரை என்று நூற்றி இருபத்தெட்டு முத்திரை குத்தினாள். 'குறிப்புதவி நூல். நூலகத்துக்குள் மட்டும் பயன்படுத்துக. வெளியே கொண்டுபோகக் கூடாது.' காலையில் ஆரம்பித்த சத்தம் சாயங்காலம் நாலரைக்குத்தான் ஓய்ந்தது. ஆசையாகத்தான் குத்தினாள், ஒவ்வொன்றையும் பூப்போல ஒற்றி எடுத்தாள், அதுதான் வயிற்றெரிச்சல்.

அதே நாலரைக்கு ஆவாரங்குளத்து மிளகாய்க் காட்டில் பதினாலு பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள், சீனியம்மா முன்பாட்டுப் பாட மற்றவர்கள் பின்பாட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள், பாட்டு பாதியில் நின்றது. மறந்துபோகவில்லை. வார்த்தை வார்த்தையாக எல்லாருக்கும் நினைவிருந்தது, நெஞ்சிலிருந்து ஏறித் தொண்டை வரைக்கும் வந்து, அங்கே யாரோ குறுக்குக் கம்பு போட்டது மாதிரி நின்றுகொண்டது. பேச்சு வந்தது, இருமல் வந்தது, வசவுகூட வந்தது. பாட்டு மட்டும் வரவில்லை. அன்றைக்கு ஊரில் ஒரு தொட்டில் பிள்ளையும் தூங்கவில்லை. பிள்ளைகள் அழுத அழுகையில் நாய்கள் ஊரை விட்டு வெளியே போய்ப் படுத்துக்கொண்டன.

மூன்று நாள் இப்படிப் போயிற்று. நாலாம் நாள் வேலுத்தாய் என்கிற பெண் கைப்பிள்ளைக்குத் தடுப்பூசி போட டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனவள், வெயில் தாங்காமல் நூலகத்தில் ஃபேன் ஓடுவதைப் பார்த்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள். ஊசி போட்ட பிள்ளை வீலென்று கத்தியது. வராது என்று தெரிந்தும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். "கம்மாக் கரையோரம் கண்ணசந்த செங்கால் நாரை, என் கண்ணுக்குட்டி இமையில வந்து காலாற நிக்காதோ" என்று பாட்டு கலகலவென்று வந்துவிட்டது. பிள்ளை தூங்கிவிட்டது. வேலுத்தாய் பாடிக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போனாள், வாசற்படி தாண்டியதும் நின்றது. உள்ளே வந்தாள், வந்தது. வெளியே போனாள், நின்றது. ஏழெட்டுத் தடவை இப்படிப் போய்ப்போய் வந்தவளை நூலக உதவியாளர் இருளப்பன், "ஏம்மா, உள்ள இருக்கப் போறியா வெளிய போகப் போறியா?" என்று கேட்டார்.

பிறகென்ன, ஊர் அதைப் பழகிக்கொண்டது. மனுஷர்கள் எதைத்தான் பழகிக்கொள்ளவில்லை. பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டு மினிபஸ்ஸை எட்டேகாலுக்கு வரச் செய்தார்கள். தூங்காத பிள்ளைகளையெல்லாம் அதில் ஏற்றி அனுப்பினார்கள். பிள்ளைகள் செய்தித்தாள் மேஜைக்கு அடியில் வரிசையாகத் தூங்கின, விரித்த பேப்பரே மேலே போர்வை. கல்யாண வீட்டார் பொண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து வந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நடுவில் உட்காரவைத்து நலுங்குப் பாட்டுப் பாடி அழைத்துப் போனார்கள். 'அமைதி காக்கவும்' என்று இருந்த பலகைமேல் யாரோ துண்டைப் போட்டு மூடினார்கள். அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மனும் ஒரு நாள் டெம்போவில் முளைப்பாரியோடு வந்து இறங்கி, சைக்கிள் நிறுத்துமிடத்தில் செருப்பெல்லாம் விலக்கிவிட்டு உட்கார்ந்து, உள்ளே நடந்த கும்மியைக் கேட்டுவிட்டுப் போனாள். தினமும் பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் முதல் வாரம் கலெக்டருக்கு மனு எழுதினார், இரண்டாம் மாதம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார், ஐந்தாம் மாதம் ஒரு சாவுக்கு அழுதுகொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "மூணாவது அடி விட்டுப்போச்சும்மா, திரும்பப் பாடுங்க" என்றார்.

சாவும் அங்கேதான் வந்தது. முதலில் வந்தது பால்ச்சாமி, பனையிலிருந்து விழுந்தவர். ஒப்பாரி இல்லாமல் எப்படி அனுப்புவது என்று வேனில் ஏற்றி வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே விட விதி இருக்கிறதா என்று அமிர்தவல்லி விதிப்புத்தகத்தைப் புரட்டினாள், கூடாது என்று எங்கேயும் போடவில்லை. வருகிறவர்கள் எல்லாரையும் வருகைப் பதிவேட்டில் எழுதுவது இருளப்பனின் வேலை, அவர் வேலையில் கறாரானவர், பால்ச்சாமியின் பேரையும் எழுதி, வந்த நோக்கம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் யோசித்து, 'குறிப்பெடுக்க' என்று போட்டார். அதிலிருந்து அந்த ஊரில் யார் செத்தாலும் குறிப்பெடுக்கத்தான் வந்தார்கள். வருகைக் கணக்கு ஏறிக்கொண்டே போனதைப் பார்த்த மாவட்ட அலுவலகம் சிறந்த வாசகர் சேவைக்கு என்று ஒரு கேடயத்தை அனுப்பி வைத்தது. வெள்ளிக்கிழமை சாகாமல் இருக்கப் பெரியவர்கள் பழகிக்கொண்டார்கள், வியாழக்கிழமை சாயங்காலம் மோசமாக இருப்பவர்களிடம், "ஒரு நாள் தள்ளிப் போடுங்க, நாளைக்கு லீவு" என்று காதோரம் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் சொன்னபடி கேட்டார்கள்.

ஸ்டெல்லாவுக்குத்தான் வாழ்வு. எந்த ஆதாரத்தைத் தேடி ஊர் ஊராக அலைய இருந்தாளோ அது மினிபஸ் ஏறி அவள் மேஜைக்கே வந்தது. ஆனால் அவளும் மனுஷிதானே. ஒலிப்பதிவுக் கருவியை விடுதியில் போட்டுக் கேட்டபோது அதில் ஃபேன் சத்தம் மட்டும் ஓடியது. அன்றைக்கே ஓடிவந்து, "மேடம், இத எப்படியாவது திறந்து விட்டுருங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். இருவரும் விதிகளைப் பார்த்தார்கள். குறிப்புதவி நூலைக் கடன் கொடுக்கும் நூலாக மாற்ற வழி இல்லை. இருப்பிலிருந்து நீக்க மட்டும் ஒரு வழி உண்டு, முத்திரையின்மேல் சிவப்பு மையில் 'கழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். சோதனைக்கு ஒரு பாட்டு போதும் என்று பதினேழாவது பாட்டை எடுத்தார்கள், ஏதோ ஒரு கும்மி. அமிர்தவல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மை காய்வதற்குள் பக்கம் வெள்ளையாகிவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களிடம் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லலாம் என்று ஸ்டெல்லா எழுந்து போனாள், போனவள் பாதி வழியில் நின்று, எந்தப் பாட்டைக் கேட்க வந்தோம் என்று யோசித்தாள், திரும்பி வந்துவிட்டாள். அமிர்தவல்லிக்கும் தெரியவில்லை. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு முத்திரை, தன் கையெழுத்து. அதற்கப்புறம் சிவப்புப் பேனாவை அவள் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

இத்தனை பேர் வந்தார்கள், சீனியம்மா வரவில்லை. பாட்டுக்காரி அவள், நூற்றி இருபத்தெட்டும் அவள் வாயிலிருந்து போனவை, அவள் மட்டும் அந்தப் படியை மிதிக்கவில்லை. பேரப்பிள்ளை தூங்காமல் கத்தியபோதும் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாளே தவிர பஸ் ஏறவில்லை. அமிர்தவல்லி வெள்ளிக்கிழமைதோறும் வழக்கம்போல் போனாள். அக்கா சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், போதுமா என்று கேட்டாள், வேறொன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சோற்றை விழுங்குவது அமிர்தவல்லிக்குக் கல்லை விழுங்குவதாக இருந்தது.

சீனியம்மாவின் புருஷன் சங்கையா கிணறு வெட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் அவர் இறங்காத கிணறு இல்லை. பாறையை உடைத்து உடைத்து அந்தத் தூள் நெஞ்சில் படிந்து, இரண்டு வருஷமாகக் கட்டிலில் கிடந்தார். மூச்சு விட்டால் வீடு முழுக்கக் கேட்கும். தைப்பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன தங்கச்சியைச் சீனியம்மா தொழுவத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"டாக்டரு, பங்குனி தாண்டாதுன்னுட்டாரு."

அமிர்தவல்லி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஊரு பூராவுக்கும் நான் அழுதிருக்கேன் அமிர்தம். ஆரு வீட்டு எழவுன்னாலும் மொத ஆளாப் போயி உக்காந்து அழுதிருக்கேன். அவுக போயிட்டா நான் என் வாசல்ல உக்காந்து அழணும். அவுக வெட்டுன கெணத்துத் தண்ணியில அவுகளக் குளிப்பாட்டி, அவுக கட்டுன வீட்டு வாசல்ல போட்டு அழணும். ஒன் ஆபீசுல பேரு எழுதிட்டு உக்காந்து அழ மாட்டேன்."

"சரிக்கா."

"அவுகளுக்குன்னு ஒண்ணு வச்சிருந்தேன். ஒருத்தருக்கும் பாடாத பாட்டு. எங்க கல்யாணத்தன்னைக்கு எனக்காத் தோணுனது, கல்யாணத்துல அழுகப் பாட்டு தோணுதேன்னு பயந்து மனசுக்குள்ளயே வச்சிருந்தேன். நீதான் இன்னும் ஒண்ணே ஒண்ணுக்கா, ஒண்ணே ஒண்ணுக்கான்னு நோட்டத் தூக்கிட்டுப் பின்னாலயே வந்த. வாயத் தொறந்துட்டேன். அதையும் எழுதிக்கிட்ட."

நாற்பத்தோராவது பாட்டு. அதை எழுதிய நாள் அமிர்தவல்லிக்கு நினைவிருந்தது. நாலு நோட்டிலும் அதற்கு ஈடான பாட்டு இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருந்தது, அந்தப் பக்கத்தில் முத்திரையை மற்றதைவிட ஒரு அழுத்து அதிகமாக அழுத்தியதும் நினைவிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவளால்.

"எப்படியாவது இங்கன கொண்டாந்துருதேன்க்கா. அத்தான் போறதுக்குள்ள."

விதியை மீறத் தெரியாதவள் விதிக்குள்ளேயே ஒரு சந்து தேடினாள், கிடைத்தது. ஆவாரங்குளத்தில் ஓர் ஊர்ப்புற நூலகம் திறந்தால், குறிப்புதவி நூல்களை இந்த நூலகத்திலிருந்து அந்த நூலகத்துக்கு மாற்றலாம். மாற்றினால், நூலகத்துக்குள் மட்டும் என்பது அந்த நூலகத்துக்குள் மட்டும் என்று ஆகும். கட்டடம் சீனியம்மாவின் வீடு, வாசலும் சேர்த்து. வாடகை வேண்டாம். அக்கா கைநாட்டு வைத்த சம்மதக் கடிதத்தோடு விண்ணப்பம் மாவட்ட அலுவலகத்துக்குப் போயிற்று. மின் இணைப்புச் சான்று இல்லை என்று திரும்பி வந்தது. அதை வைத்து அனுப்பினாள், வரைபடம் இல்லை என்று வந்தது. வரைபடம் போட்டு, புதன்கிழமைதோறும் அரைநாள் விடுப்புப் போட்டு நேரிலேயே போய், பெஞ்சில் உட்கார்ந்து, பிரிவுக்குப் பிரிவு கும்பிட்டாள். யாரும் அவளை எடுத்தெறிந்து பேசவில்லை, எல்லாரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், கேடயம் வாங்கியவள் அல்லவா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சங்கையாவின் மூச்சு முந்திய வாரத்தைவிடச் சின்னதாக இருந்தது. அக்கா தங்கச்சியின் கைப்பையை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள்.

பங்குனி பிறந்து நாலாம் வியாழக்கிழமை பதில் வந்தது. மாவட்டத்திலேயே மிக அதிக வாசகர் வருகை உள்ள நூலகம் அது என்பதாலும், அந்த வருகைக்குக் காரணமே மேற்படி நூல்கள் என்று தெரிய வருவதாலும், அவற்றை வேறிடத்துக்கு மாற்றுவது வாசகர் நலனுக்கு உகந்ததல்ல என்பதாலும், கோரிக்கை ஏற்கப்படவில்லை. அமிர்தவல்லி அதை நாலு தடவை படித்தாள். அப்புறம் கேடயத்தை எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள், சுவர்ப்பக்கம் திருப்புவதைத் தவிர அவளுக்கு வேறு எந்த அதிகாரமும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கொட்டுச் சத்தம் கேட்டது. சங்கையா காலை பத்து மணிக்குப் போய்விட்டிருந்தார். அவரிடமும் யாரோ இரண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லிப் பார்த்தார்களாம். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றாராம்.

கொட்டு இருந்தது, சங்கு இருந்தது, பந்தல் இருந்தது, மாலை இருந்தது. ஊர்ப் பெண்கள் முப்பது நாற்பது பேர் வாசலில் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, வழக்கம்போல் முன்னும் பின்னும் ஆடினார்கள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வெறும் மூச்சு. நாற்பது பேர் மூச்சு ஒன்றாக ஏறுவதும் இறங்குவதுமாக, இரண்டு வருஷமாக அந்த வீட்டில் கேட்ட சங்கையாவின் மூச்சே மறுபடி எழுந்து உட்கார்ந்தது போலக் கேட்டது, கொட்டுக்காரர்களுக்குக்கூடக் கை ஓடவில்லை. நடுவில் சீனியம்மா புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வேன்காரர் மெள்ள வந்து குனிந்து சொன்னார். "அக்கா, ஐஸ் பெட்டி இருக்கு. நாளைக்கு ரெண்டாஞ்சனி, அதும் லீவு. ஞாயித்துக்கிழம காலையில முதல் ஆளாக் கொண்டுபோயிருவோம். ஊரே அப்படித்தான செய்யுது."

சீனியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அங்க போயி அவுக என்ன புத்தகம் படிக்கப் போறாக? எந்திரிங்க. பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துருவோம்."

எடுத்தார்கள். ஆவாரங்குளத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் சத்தமில்லாமல் ஒரு பிணம் போனதில்லை. அமிர்தவல்லி கைப்பையைத் திறக்கவே இல்லை. திறக்க வேண்டிய அவசியம் இல்லை, அக்காவுக்கு அவள் முகமே போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மினிபஸ்ஸில் சீனியம்மா வந்து இறங்கினாள். இருளப்பன் பதிவேட்டை நீட்ட, பெருவிரலை ஒற்றிவிட்டுப் படியேறினாள். உள்ளே பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள், தாசில்தார் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார், ஸ்டெல்லா கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தாள். அமிர்தவல்லி ஓடிவந்து அக்கா காலடியில் உட்கார்ந்தாள். இரண்டு நாளில் அக்கா பாதியாகியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஒரு பருக்கை இறங்கவில்லை என்று கூட வந்த வேலுத்தாய் சொன்னாள்.

"பாடுக்கா. இங்கன வரும். எல்லாரையும் வேணும்னா வெளிய போகச் சொல்லுதேன். நீ மட்டும் இருந்து பாடு."

"வருது," என்றாள் சீனியம்மா. தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "படி ஏறயிலயே நாக்கு நுனிக்கு வந்துருச்சு. பாடத்தான் இல்ல வந்தது. அந்த ஏட்ட எடு."

அமிர்தவல்லிக்குப் புரிந்துவிட்டது. புரியாதவள்போல் நோட்டை எடுத்து வந்தாள்.

"அத அடிச்சிரு."

"அக்கா."

"பதினேழாவதா ஒண்ண அடிச்சியாம்ல, ஆருக்கும் நெனவில்லாமப் போயிருச்சாம்ல. அதுமாதிரி இத அடிச்சிரு."

"அடிச்சா உனக்கும் இருக்காதுக்கா. அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது. அத்தானுக்குன்னு நீ நாப்பது வருசம் வச்சிருந்தது..."

"அவுகளுக்குத்தான் வச்சிருந்தேன். அவுகளுக்கு ஆகல. இனிம அது ஆருக்கு?" சீனியம்மா குரலை உயர்த்தவில்லை. "நான் செத்தபெறகு ஆராச்சும் வந்து இந்த ஏட்டப் பாத்து ஆருக்காச்சும் பாடுவாக. நல்ல பாட்டுன்னு சொல்லுவாக. எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமையில இருந்து இங்கனயே நிக்கி அமிர்தம், சோறு உள்ள போகமாட்டேங்கு, தண்ணி உள்ள போகமாட்டேங்கு. எனக்குச் சாகவும் தெரியல. நீ குத்துனத நீதான் அடிக்கணும்."

அமிர்தவல்லி ஜன்னலோர அலமாரியைப் பார்த்தாள். அந்தப் பாட்டு அங்கே இருந்தால் இன்னும் நூறு வருஷம் கழித்து யாராவது ஒருத்தி தேடி வந்து படித்து, எழுந்து நின்றுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் அவள் பதினோரு வருஷம் காட்டில் நடந்தாள். இல்லை என்று எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு இருக்கிறது என்று காட்டத்தான் நடந்தாள். அவளுக்கு நெஞ்சே ஆறவில்லை. ஸ்டெல்லா பக்கத்தில் வந்து நின்று, நோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டாள்.

இழுப்பறையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். நாற்பத்தோராம் பாட்டைக் கடைசியாக ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். அது என்ன பாட்டு, அதில் என்ன இருந்தது என்று இங்கே சொல்லலாம் என்றால், கதை சொல்கிறவனுக்கும் அது தெரியாது, அது கழிக்கப்பட்டுவிட்டது. எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், மை காய ஊதினாள்.

சீனியம்மாவின் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கி நின்றது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள், புத்தகங்களைப் பார்த்தாள், தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்தாள், அப்புறம் தன் காலடியில் உட்கார்ந்திருந்த தங்கச்சியைப் பார்த்தாள். அமிர்தவல்லி ஒரு வெள்ளைத் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணீர் தாடையில் வழிய, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"எதுக்குட்டி அழுத? அத்தான நெனச்சா?"

அமிர்தவல்லி யோசித்துப் பார்த்தாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை.

"ஆமாக்கா," என்றாள்.

"அழாத. அவுக நோக்காடு தீந்துச்சுன்னு நெனச்சுக்கோ." சீனியம்மா முந்தானையால் தங்கச்சியின் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அக்கா அவளைத் தொட்டது அப்போதுதான். "எனக்குப் பசிக்கி அமிர்தம். சாப்பிட என்ன வச்சிருக்க?"

அமிர்தவல்லி மேஜையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து கொடுத்தாள். தயிர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருந்தன. சீனியம்மா அலமாரிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.